எங்களை வரைந்த தங்கை



உயர்தர வகுப்பில் மாணவத் தலைவிகளாக இருந்த எங்களை, கடுகண்ணாவை ஏற்றத்தில் மூச்சிரைக்கும் ரயிலாக வரைந்து ஒரு தங்கை சுவரில் ஒட்டினாள். கெட்டிக்காரிகளான எங்களுக்குக் கோபம் வந்தது. கிழித்தெறிந்தோம். பிறகு அவள் வரையவேயில்லை.

1948இல் ‘சங்கர்ஸ் வீக்லி’யைத் தொடக்கிவைத்த நேரு, தம்மையும் விட்டுவைக்க வேண்டாமென்று கேலிச்சித்திரக்காரர் சங்கரிடம் கேட்டுக்கொண்டார். 1987இல் தமிழ்நாட்டுச் சட்டசபையோ, அட்டைப்பட நகைச்சுவை ஒன்றுக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்பிரமணியனைச் சிறைக்கு அனுப்பியது. நாங்கள் அன்று சட்டசபையின் பக்கம் நின்றோம்.

இன்று பயிற்சி வைத்தியர்கள் எங்கள் கையெழுத்தைக் கேலிசெய்தால், முதலில் எழுத்தைத் திருத்துகிறோம். மருந்துச் சீட்டுப் பிழைத்தால் ஆபத்து நோயாளிக்கல்லவா? பிறகு சேர்ந்து சிரிக்கிறோம்.

அந்தத் தங்கை இச்சபையில் இருந்தால், எங்களை மன்னித்து, மீண்டும் வரையட்டும்.