குளத்துச் சேற்றின் பெயர் பதியாத பாட்டாளிகள்

(பூச்சோங்கில் தோட்டத் தொழிலாளர்களிடையே ஆற்றிய உரை)



நாம் கூடியிருக்கும் இப்பூச்சோங் வட்டாரம் ஒருகாலத்தில் ரப்பர் மரங்கள் நிறைந்திருந்த இடம். இன்று வீடமைப்புப் பகுதிகளே மிகுதி. அருகில் கிள்ளான் ஆறு ஓடுகிறது. ஆற்றோரம் வாழ்வோர்க்கு அழுக்கு நீரைப்பற்றி எடுத்துரைக்க வேண்டியதில்லை. அதைத் தூய்மைப்படுத்துவோர் யார் என்பதையே இன்று கூற விழைகிறோம்.

ரப்பர் பால் உறையாதிருக்க அம்மோனியா சேர்க்கப்படுவதை அறிவீர்கள். அது ஆலைக் கழிவுநீரோடு ஆற்றில் கலந்தால் மீன்கள் மடியும். ஆகவேதான் 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ் 1978இல் ரப்பர் ஆலைகளுக்கெனத் தனி விதிகள் வகுக்கப்பட்டன. கழிவுநீர்க் குளங்களும் பெருகின. காற்றூட்டப்படும் குளத்தில் ஒருவகைப் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும். இன்னொருவகை அதை நைட்ரேட்டாக்கும். நைட்ரைட்டும் மீனுக்கு நஞ்சாதலால் இரண்டாம் வேலை இன்றியமையாதது.

அவ்வேலையைச் செய்வது நைட்ரோபாக்டர் என்றே பாடநூல்கள் நெடுங்காலம் கூறிவந்தன. ஆசிரியப் பயிற்சியில் நாமும் அப்படியே மனப்பாடம் செய்தோம்! ஆய்வுக்கூடத் தட்டில் வளர்ந்ததையே அறிவியலார் பதிந்தனர். பெரும்பாலான பாக்டீரியாக்களோ தட்டில் வளர்வதில்லை. காலைப் பெரட்டில் குரல் கொடுத்தவரை மட்டும் எண்ணி, வெட்டுக்காட்டில் பால் வெட்டுவோரை விட்டுவிட்டதற்கு ஒப்பாகும் இது.

மரபணு முறையில் வளர்க்க வேண்டியதில்லை. சேற்றிலுள்ள உயிர்களின் மரபுப்பொருளை ஒருங்கே பிரித்தெடுக்கின்றனர். புரதம் ஆக்கும் ரைபோசோம் எல்லா உயிரணுக்களிலும் உண்டு. அதற்குரிய மரபணுவின் எழுத்துவரிசை இனத்துக்கினம் சற்றே வேறுபடும். அவ்வேறுபாட்டைக் கொண்டு உயிர்களை வகைப்படுத்தும் வழியை 1977இல் கார்ல் வோஸ் காட்டினார். அவ்வரிசையைப் படித்தால் சேற்றில் யார் யார் உள்ளனர் என்பது புலனாகும்.

1990களின் இறுதியில் கழிவுநீர்ச் சேற்றை இவ்வாறு ஆராய்ந்தபோது, பல நிலையங்களில் இரண்டாம் வேலையைச் செய்தது நைட்ரோஸ்பைரா எனத் தெரிந்தது. நைட்ரோஸ்பைராவில் சில, இரு வேலைகளையும் தாமே முடிப்பதை 2015இல் வெளிவந்த ஆய்வுகள் மெய்ப்பித்தன.

இவை மெல்லப் பெருகுபவை. அமிலத் தொட்டி கழுவிய நீரை நேரே குளத்தில் ஊற்றினால் அழிந்துபோகும். மீண்டும் பெருக வாரங்கள் ஆகலாம். அதுவரை குளம் பார்வைக்கு முன்போலவே தோன்றும். ஆற்றுக்குச் செல்லும் நீரில் அம்மோனியா ஏறிக்கொண்டிருக்கும்.