நாய்க்கும் காப்பீடா?



காப்பீடு என்றதும் மனிதரின் ஆயுள் நம் நினைவுக்கு வரும். வீடும் வண்டியும் நினைவுக்கு வரும். உழவர்க்குப் பசுவும் எருமையும் நினைவுக்கு வரும். நாய்க்கும் காப்பீடு உண்டா, உண்டெனில் அது செலவுக்குத் தக்க பயன் தருமா என்னும் கேள்வியைச் சோமனூரில் என் தமக்கையின் வீட்டில் எதிர்கொண்டேன். அதையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

சோமனூர், கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் இடையே இருப்புப்பாதையை ஒட்டிய ஊர். விசைத்தறியின் ஓசை ஓயாத ஊர். என் தமக்கையின் கணவர் அங்கே எட்டுத் தறிகளைக் கூலிக்கு ஓட்டுகிறார். நூல் தருபவர் வேறொருவர்; நெய்து கொடுத்தால் மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கூலி உயர்வு கோரிச் சோமனூர், பல்லடம் வட்டாரத்துத் தறிகள் வாரக்கணக்கில் நின்றன. அந்நாட்களில்தான் அவ்வீட்டு நாட்டு நாய்க்குட்டி நோயுற்றது. முதலில் வாந்தி, பின்னர் குருதிக் கழிச்சல். வருவாய் நின்ற வீட்டில், மருத்துவச் செலவை நினைத்து இரண்டு நாள் தயங்கினார்கள். மூன்றாம் நாள் குட்டி இறந்தது.

இப்பொழுது மற்றொரு குட்டி வந்திருக்கிறது. கல்லூரியில் பயிலும் என் மருமகள் கேட்டாள்: "மாமா, அன்றைக்குக் காப்பீடு இருந்திருந்தால் நாங்கள் தயங்கியிருக்க மாட்டோம் அல்லவா? இதற்காவது செய்துவிடலாமா?" அவள் தந்தையோ, "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்று சொல்லிவிட்டுத் தறிக்குடோனுக்குப் போய்விட்டார். இருவர் சொல்லிலும் உண்மை உண்டு. எவ்வளவு உண்டு என்று அளந்து பார்ப்போம்.

காப்பீட்டின் அடிப்படை மிக எளியது. ஆயிரம் பேர் சிறு தொகை செலுத்துகிறார்கள். அவர்களுள் துன்பம் நேர்ந்த சிலருக்கு அத்தொகை போய்ச் சேர்கிறது. நிறுவனத்தின் நடப்புச் செலவும் ஆதாயமும் அதிலிருந்தே கழியவேண்டும். ஆகவே, ஆயிரம் பேரையும் சேர்த்துக் கணக்கிட்டால், கட்டியதைவிடப் பெற்றது குறைவாகவே இருக்கும். இலாபம் கருதிக் காப்பீடு செய்பவர் ஏமாறுவார். தம்மால் தாங்கவே இயலாத இழப்புக்கு அஞ்சிச் செய்பவரே அறிவுடையவர்.

நம் நாட்டில் 1973ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் பொதுக் காப்பீட்டுத் தொழில் நாட்டுடைமையாயிற்று. பின்னர்க் கறவை மாட்டுக் காப்பீடு சிற்றூர்களுக்கும் பரவியது. காதில் வில்லை இல்லையேல் இழப்பீடு இல்லை என்னும் விதியை மாடு வளர்ப்போர் நன்கறிவர். பசு இறந்தால் பால் வருவாய் நிற்கும். வங்கிக் கடன் நிற்காது. அங்கே காப்பீட்டின் தேவை வெளிப்படை.

நாயின் நிலை வேறு. பிரிட்டனில் 1947ஆம் ஆண்டிலேயே நாய்க்குக் காப்பீடு வழங்கப்பட்டது. ஸ்வீடனில் நாய் வளர்ப்போருள் பெரும்பாலோர் காப்பீடு செய்கின்றனர்; அங்கே மருத்துவச் செலவு மிகுதி. நம் நாட்டிலோ, பழைய வகைப் பத்திரங்கள் நாயின் சந்தை விலையைக் கணக்கிட்டு, அது இறந்தால் ஈடு தந்தன. விலை கொடுத்து வாங்கிய உயர்சாதி நாய்க்கு அது பொருந்தும். தறிக்குடோனுக்குப் பின்னே கண்டெடுத்த குட்டிக்குச் சந்தை விலை ஏது? 2020 முதல் தனியார் நிறுவனங்கள் சில, அறுவைக்கும் மருத்துவமனைச் செலவுக்கும் ஈடு தரும் பத்திரங்களைக் கொணர்ந்தன. அவற்றுள் நாட்டு நாயை ஏற்பனவும் உண்டு.

ஆனால் பத்திரத்தின் சிறிய எழுத்துகளைப் படிக்கவேண்டும். என் மருமகளும் நானும் அமர்ந்து ஒன்றைப் படித்தோம். தொடங்கிய சில நாட்களுக்குள் வரும் நோய்க்குப் பணம் இல்லை. முன்னரே உள்ள நோய்க்கும் இல்லை. முதுமை அடைந்த நாயைப் புதிதாகச் சேர்ப்பதில்லை. அடுத்த வரியில் அவள் விரல் நின்றுவிட்டது. தடுப்பூசி போடாத நாய்க்கு, அவ்வூசியால் தடுக்கக்கூடிய நோய் வந்தால் ஈடு இல்லை என்றிருந்தது.

முதல் குட்டியின் உயிரைக் கொண்டுபோனது பார்வோ என்னும் நச்சுயிரி. 1978ஆம் ஆண்டில் உலகின் பல பகுதிகளில் வெளிப்பட்ட நோய் அது. குட்டிக்கு ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, நான்கு மாதம் நிறையும்வரை சில வார இடைவெளியில் ஊசி போட்டால் பெரும்பாலும் தடுத்துவிடலாம். அக்குட்டிக்கு ஓர் ஊசியும் போடவில்லை. அன்று காப்பீட்டுப் பத்திரம் கையில் இருந்திருந்தாலும் ஒரு காசும் வந்திராது! "அப்படியானால், அதைக் காப்பாற்றியிருக்கக்கூடியது பத்திரம் அன்று, ஊசிதான்" என்றாள் அவள். சிறிது நேரம் இருவரும் பேசவில்லை.

அந்நச்சுயிரி மண்ணில் பல மாதம் உயிர்ப்போடிருக்கும். ஆகவே புதிய குட்டியை, ஊசிகள் முடியும்வரை தெருநாய்கள் திரியும் இடத்தில் விடலாகாது. வெறிநோய்த் தடுப்பூசியோ நாயை மட்டுமன்றி, இரவு முறைக்குத் தறியோட்ட வரும் தொழிலாளரையும் காப்பது. நமக்கு அண்மையில் குன்னூரில் 1907 முதல் பாஸ்டர் நிலையம் இயங்கிவருவதே அந்நோயின் கொடுமைக்குச் சான்று. பிறரைக் கடித்தால் தரவேண்டிய ஈட்டுத்தொகையைச் சில பத்திரங்கள் ஏற்கும். ஆயினும் நாயைக் கவனமாகக் கட்டி வளர்க்கும் கடமையை எப்பத்திரமும் ஏற்காது.

இனிக் கணக்கு. ஆண்டுக் கட்டணம் 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 250 ரூபாய் ஆகிறது. அதையே அஞ்சலகத் தொடர் வைப்பில் கட்டினால் ஐந்தாண்டில் 15,000 ரூபாயும் வட்டியும் சேரும். நாய்க்கு நோய் வராவிடினும் அப்பணம் நம்முடையது. ஆனால் மூன்றாம் மாதமே வண்டியில் அடிபட்டுக் கால் முறிந்தால் கையில் இருப்பது 750 ரூபாய்தான். காப்பீட்டின் வலிமை அவ்விடத்தில் விளங்கும். அத்தகைய செலவைத் தாங்க வழியுண்டா என்பதே ஒவ்வொரு வீட்டாரும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

என் தமக்கையின் வீட்டார் முடிவு செய்தனர்: முதலில் ஊசி, அடுத்து அஞ்சலகச் சேமிப்பு, பத்திரம் வேண்டா. இடையில் பெருஞ்செலவு நேர்ந்தால் எவ்வளவு வரை செலவிடுவது என்பதையும் அன்றே பேசி முடித்தனர். தொகையைச் சொன்னவர் சுண்டைக்காய்ப் பழமொழி சொன்ன தந்தையே. மகள் எதிர்பார்த்ததைவிட அது பெரிது. பெருநகரில் விலையுயர்ந்த நாயை வளர்ப்பவர் வேறு முடிவுக்கு வரலாம்; அதுவும் தவறன்று.

மாணவ நண்பர்களே, நாளை நீங்களும் பலவகைப் பத்திரங்களில் கையெழுத்திடுவீர்கள். அப்பொழுது, எவ்வளவு கட்டவேண்டும் என்று மட்டும் கேளாதீர்கள். எந்த நாளில் அது கைகொடுக்கும், எந்த நாளில் கைவிடும் என்றும் கேளுங்கள். துன்பம் வந்தபின் தயங்கும் இரண்டு நாளைவிட, அது வருமுன் அமர்ந்து சிந்திக்கும் ஒரு மாலைப்பொழுது மிகவும் மேலானது.