செகண்ட் ஹேண்டில் வேகமான காரா? முதல் மாதம் மெதுவாக ஓட்டுங்கள்

இந்த எபிசோடில் விருந்தினர் யாரும் இல்லை, நான் மட்டும்தான் பேசப் போகிறேன். கொஞ்ச நாளாகவே நிறைய பேர் ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள். "ப்ரோ, ரெண்டு ரெண்டரை லட்சத்துல ஸ்போர்ட்டியா ஒரு பழைய கார் பார்த்து வெச்சிருக்கேன். வாங்கினதும் முதல்ல என்ன பண்ணணும்?" கூடவே அடுத்த கேள்வியும் வரும்: "எந்த சைலன்சர் போடலாம்?"

சைலன்சரைப் பிறகு பார்ப்போம். முதல் கேள்விக்கு என் பதில் ரொம்பச் சின்னது. ஒரு மாதம் மெதுவாக ஓட்டுங்கள். ஏன் என்பதுதான் இந்த எபிசோட்.

என் கதையை வைத்தே சொல்கிறேன். நான் காஞ்சிபுரம், பிள்ளையார்பாளையம். இந்த வருஷ ஆரம்பத்தில் கோயம்புத்தூரில் ஒருவரிடமிருந்து ஃபோர்டு ஃபியஸ்டா 1.6 எஸ் வாங்கினேன். 2011 ஜூனில் பதிவான வண்டி, விலை 2,30,000 ரூபாய். "இது ஸ்போர்ட்ஸ் காரா?" என்று கேட்பீர்கள். ரெண்டு கதவு, திறந்த கூரை எல்லாம் கிடையாது. பார்க்க சாதாரண செடான்தான். ஆனால் 1.6 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், 101 குதிரைத்திறன், கொஞ்சம் இறுக்கமான சஸ்பென்ஷன், சாலையைக் கைக்குச் சொல்லும் ஹைட்ராலிக் ஸ்டியரிங். நம் ஊர் நடுத்தரக் குடும்பத்துப் பையனுக்கு அந்தக் காலத்தில் எட்டிய ஸ்போர்ட்ஸ் கார் இதுதான்.

இன்னொரு காரணமும் உண்டு. இந்த வண்டி பிறந்தது மறைமலைநகரில். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆகும்வரை அது எங்கள் காஞ்சிபுரம் மாவட்டம். ஃபியஸ்டா இந்தியாவுக்கு வந்தது 2005 கடைசியில். 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப் போவதாக அறிவித்தது. 2022ல் மறைமலைநகரில் கார் உற்பத்தி நின்றுபோனது. எங்கள் பக்கம் எத்தனையோ வீடுகளுக்குச் சோறு போட்ட தொழிற்சாலை அது. உதிரி பாகங்களும் சர்வீஸும் தொடரும் என்றுதான் நிறுவனம் சொன்னது. இருந்தாலும் உற்பத்தி நின்றுபோன ஒரு காரை வாங்கும்போது, அதைப் பராமரிக்கிற பொறுப்பில் பெரும் பங்கு நம் கைக்கு வந்துவிடுகிறது. வாங்குவதற்கு முன்பே உதிரி பாகக் கடையில் ஒரு லிஸ்ட் கொடுத்து, எது உடனே கிடைக்கும், எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று கேட்டுவிடுங்கள்.

சரி, வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது. இப்போது ஒரு உண்மையை ஏற்றுக்கொள்ள வேண்டும். இந்தக் காரின் பழைய வாழ்க்கை நமக்கு முழுசாகத் தெரியாது, இனித் தெரியப்போவதும் இல்லை. சர்வீஸ் புத்தகம் இருக்கலாம், விற்றவர் நல்ல மனிதராக இருக்கலாம். ஆனாலும் வேகமான காரை வாங்கியவர்கள் வேகமாகத்தான் ஓட்டியிருப்பார்கள், இல்லையா? அதனால் கணக்கைப் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குவதுதான் நல்லது. இன்ஜின் ஆயில், ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில், கியர் ஆயில், ஸ்டியரிங் ஆயில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அன்றிலிருந்து இந்தக் காரின் வரலாறு உங்களிடம் இருக்கிறது.

எங்கள் அப்பா நெசவாளர். குழித்தறியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டுத் தறி சத்தம் மாறினால் தலையைத் தூக்கிப் பார்ப்பார். "அங்க ஏதோ இழை போயிருக்கு" என்பார். வருஷக்கணக்காக நல்ல சத்தத்தைக் கேட்ட காது அது, அதனால்தான் கெட்ட சத்தம் தனியாகத் தெரிகிறது. புதிதாக வந்த காரில் நமக்கு அந்தக் காது இல்லை. அதைச் சம்பாதிக்கத்தான் அந்த ஒரு மாதம்.

தினமும் காலையில் ஓரிக்கை பாலாற்றுப் பாலம் தாண்டி உத்திரமேரூர் ரோட்டில் கொஞ்ச தூரம் போய்வந்தேன். மணிக்கு 60, அதிகபட்சம் 80. பாட்டு கிடையாது. கண்ணாடியை இறக்கி ஒரு முறை, ஏற்றி ஒரு முறை. ஸ்பீட் பிரேக்கரில் இடது முன் பக்கம் "டொக்" என்று ஒரு சத்தம். பிரேக் பிடித்தால் ஸ்டியரிங்கில் லேசான நடுக்கம். நேர் ரோட்டில் கையை லேசாகத் தளர்த்தினால் இடது பக்கம் இழுவை. இந்த மூன்றையும் எழுதிக்கொண்டுதான் மெக்கானிக்கிடம் போனேன்.

எங்கள் மெக்கானிக் அண்ணன் நோட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, நிறைய பேரு வந்து 'வண்டி ஒரு மாதிரியா இருக்குண்ணே'ன்னு மட்டும்தான் சொல்வாங்க. நீ பாதி வேலையைக் குறைச்சிட்ட" என்றார். டொக் சத்தம் லோயர் ஆர்ம் புஷ். நடுக்கம் டிஸ்க்கில் வந்த மேடுபள்ளம். இழுவைக்கு முக்கியக் காரணம் டயர்.

டயருக்கு வருவோம், ஏனென்றால் இந்த எபிசோடில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இது. என் வண்டியின் டயரில் பட்டன் நன்றாகவே இருந்தது. பார்க்கிற யாரும் "இன்னும் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடும்" என்றுதான் சொல்வார்கள். டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் எழுத்து வரிசை இருக்கும், அதன் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். என் டயரில் இருந்தது 3215. அதாவது 2015ம் வருஷம் 32வது வாரம். ஒன்பது வருஷத்துக்கு மேல் ஆன ரப்பர். ஓடாமல் நின்றாலும் ரப்பருக்கு வயசாகும், இறுகும். இறுகிய ரப்பர் மழையில் சாலையைப் பிடிக்காது. 101 குதிரை இருந்து என்ன பிரயோஜனம்? அந்தக் குதிரைகளை நிறுத்துவது உள்ளங்கை அளவுள்ள நான்கு ரப்பர் துண்டுகள்தான். நான்கையும் மாற்றினேன். ஸ்டெப்னியின் தேதியையும் பாருங்கள், அதை எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

அடுத்து பிரேக் ஆயில். இது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரக் கணக்கு. ஈரம் சேர்ந்த பிறகு அந்த அளவு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. வேகத்தில் அடுத்தடுத்து பிரேக் பிடித்தால் சூடு ஏறும், ஆயில் கொதிக்கும், பைப்பில் ஆவி சேரும். பெடல் மெத்தென்று உள்ளே போகும், வண்டி நிற்காது. நகரத்துக்குள் ஓட்டும்போது இது வெளியே தெரியாது. தெரிய வேண்டாத இடத்தில்தான் தெரியும். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். பெரிய செலவும் இல்லை.

மூன்றாவது, டைமிங் பெல்ட். இதற்கு கிலோமீட்டர் கணக்கும் உண்டு, வருஷக் கணக்கும் உண்டு. எது முதலில் வருகிறதோ அதுதான் கெடு. "வண்டி 60,000தான் ஓடியிருக்கு" என்று ஒரு பழைய கார் விளம்பரம் சொன்னால் சந்தோஷப்படுவதற்கு முன் வயசைப் பாருங்கள். பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளும், செலவு காரின் விலையைத் தொட்டுவிடும். மாற்றியதற்கு பில் இருந்தால் நம்புங்கள். வாய்ச்சொல் மட்டும் என்றால் மாற்றிவிடுங்கள்.

நான்காவது, சூடு. எங்கள் ஊரில் வைகாசி கருட சேவை அன்று காரை எடுத்தால் முதல் கியரும் இரண்டாவது கியரும்தான். வெளியே வெயில் 40 டிகிரியைத் தொடும், ஏசி ஓடிக்கொண்டிருக்கும். வேகமான காருக்கு இதுதான் கடினமான பரீட்சை, ஏனென்றால் ரேடியேட்டருக்குக் காற்று வராது, ஃபேன் மட்டும்தான் துணை. அதனால் வீட்டு வாசலிலேயே சோதனை செய்யுங்கள். ஏசியைப் போட்டு 20 நிமிஷம் ஐட்லிங்கில் விடுங்கள். ஃபேன் ஓடி ஓடி நிற்கிறதா, சூட்டு முள் நடுவில் நிற்கிறதா, கீழே சொட்டு விழுகிறதா? ஓபிடி போர்ட்டில் மாட்டும் சின்ன ஸ்கேனர் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. போனிலேயே கூலன்ட் சூடு டிகிரிக் கணக்கில் தெரியும். முள் நகருவதற்கு முன்பே எண் சொல்லிவிடும்.

இப்போது புதிதாக ஒரு விஷயம் சேர்ந்திருக்கிறது. இ20 பெட்ரோல், அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. என் வண்டி உருவான காலத்தில் அது பங்கில் கிடையாது. நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே, பழைய வகை நான்கு சக்கர வண்டிகளில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் வரை குறையலாம் என்கிறது. எனக்கு மைலேஜைவிட ரப்பர்தான் கவலை. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும், பழைய ரப்பருக்கும் அது ஒத்துக்கொள்ளாமல் போகலாம். பெட்ரோல் ஹோஸ்களைத் தொட்டுப் பார்த்து, வெடிப்போ பிசுபிசுப்போ இருந்தால் மாற்றுங்கள். டேங்க்கில் பெட்ரோலோடு வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தி வைக்காதீர்கள். கேபினுக்குள் பெட்ரோல் வாசம் வந்தால், 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்ற பேச்சே கூடாது.

காகிதத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஆர்.சி. உங்கள் பெயருக்கு மாற வேண்டும், படிவம் 29, 30. இன்சூரன்ஸும் மாற வேண்டும், அதற்கு 14 நாள் கெடு. தனியார் காருக்குப் பதிவு 15 வருஷம்தான். என் வண்டிக்கு 2026 ஜூனில் முடிகிறது. அப்போது வண்டியைக் காட்டித் தகுதி நிரூபித்து ஐந்து வருஷத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் இருந்து அதற்குக் கட்டணம் 5,000 ரூபாய், பசுமை வரி தனி. விளம்பரத்தில் விலை குறைவாக இருந்தால் பதிவு எப்போது முடிகிறது என்று பாருங்கள். பல நேரம் காரணம் அங்கேதான் இருக்கும்.

பணக் கணக்கு. முதல் நான்கு மாதத்தில் டயர் 22,000, சஸ்பென்ஷன் 17,000, டைமிங் பெல்ட் வேலை 14,000, பிரேக் 9,000, ஆயில், கூலன்ட், ஹோஸ் எல்லாம் 8,000. மொத்தம் 70,000. காரின் விலையில் 30 சதவீதம். நான் இதை முதலிலேயே ஒதுக்கி வைத்திருந்தேன். அப்பா மட்டும் பில்களைப் பார்த்து, "ஒரு புடவைக்கு எத்தனை நாள் நாடா போடறோம் தெரியுமில்ல?" என்றார். தெரியும்ப்பா. அதனால்தான் ஒதுக்கி வைத்தேன். உங்கள் கையில் 2,30,000 இருந்தால், 1,75,000க்குள் கார் பாருங்கள். மிச்சம் அந்தக் காருக்கே வேண்டும்.

செலவின் வரிசையைக் கவனித்தீர்களா? முதலில் நிற்கணும், அடுத்து திரும்பணும், அப்புறம் சூடாகாமல் இருக்கணும். வேகமாகப் போவது கடைசி. சைலன்சர், ரீமேப் எல்லாம் அந்தக் கடைசி வரிசையில் வருபவை. வரிசை மாறினால் ஆபத்து நமக்கு மட்டும் இல்லை. பிள்ளையார்பாளையம் சந்தில் பாவு விரித்து வேலை செய்துகொண்டிருப்பார்கள், குழந்தைகள் குறுக்கே ஓடும். ரோடு எனக்கு மட்டும் சொந்தம் இல்லையே.

வேகத்துக்கு இடம் இருக்கிறது, அதுவும் எங்கள் மாவட்டத்திலேயே. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை. ஒரு காலத்தில் சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்திய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்தான் இங்கே சர்க்யூட் அமைத்தது. ஒரு சுற்று சுமார் 3.7 கிலோமீட்டர். சொந்தக் காரில் கட்டணம் கட்டி ஓட்டும் டிராக் டேக்கள் நடக்கும். நான் ஐந்தாவது மாதம் போனேன். எதிரே வண்டி வராது, மாடு வராது, ஆம்புலன்ஸ் தயாராக நிற்கும். நான்காவது சுற்றில் பெடலின் உணர்வு லேசாக மாறியதைக் கால் உணர்ந்தது. உடனே வேகத்தைக் குறைத்து ஒரு சுற்று ஆறவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அந்தச் சின்ன மாற்றத்தைக் கண்டுபிடித்தது, உத்திரமேரூர் ரோட்டில் 60ல் போய்ப் பழகிய அதே கால்.

இந்த எபிசோடுக்கு ஒரே ஒரு வீட்டுப்பாடம். கார் இருந்தாலும் பைக் இருந்தாலும், இன்றைக்கே கீழே இறங்கிப் போய் டயரில் அந்த நான்கு எண்ணைப் படியுங்கள். அப்பா வண்டி, அக்கா ஸ்கூட்டி எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். எந்த வருஷம் என்று எனக்கு எழுதுங்கள். வேறு கேள்விகள் இருந்தாலும் அனுப்புங்கள். அடுத்த எபிசோடில் சந்திப்போம். பத்திரமா ஓட்டுங்க.