ஈர்ப்பு விசை விலக்கவும் செய்யுமா?



ஈர்ப்பு விசை எதையும் இழுக்கும் என்று பள்ளியில் படித்தோம். அப்படியானால் பேரண்டத்தின் விரிவு வரவரத் தளர வேண்டும். ஆனால், 1998இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் கண்டது நேர்மாறு. விரிவின் வேகம் கூடிக்கொண்டே போகிறது.

எப்படி அளந்தார்கள்? பேராக் தோட்டங்களில் விடியுமுன் நெற்றி விளக்குடன் பால்மரம் சீவியவர்களை நினைத்துப் பாருங்கள். எல்லாம் ஒரே மாதிரி விளக்கு. மங்கலாகத் தெரிந்தால் ஆள் தூரத்தில் இருக்கிறார். விண்வெளியில் அத்தகைய விளக்கு, வெடித்துச் சிதறும் ஒருவகை வெண்குறுமீன். அந்த விண்மீனின் நிறை சூரியனைப்போல் 1.4 மடங்கைத் தாண்டினால் நிலைக்காது என்று கணக்கிட்டவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற தமிழர் சுப்ரமணியன் சந்திரசேகர். தொலைதூர வெடிப்புகள் எதிர்பார்த்ததைவிட மங்கலாக இருந்தன. அதாவது, அவை இன்னும் தள்ளிப் போயிருந்தன.

இதற்கு ஈர்ப்பே காரணமாகுமா? ஆகலாம். ஐன்ஸ்டீன் கோட்பாட்டில் நிறை மட்டுமல்ல, அழுத்தமும் ஈர்ப்பை உண்டாக்கும். அழுத்தம் போதிய அளவு எதிர்மறையானால் ஈர்ப்பு விலக்கும். அப்படிச் செய்வதாகக் கருதப்படுவதே 'இருண்ட ஆற்றல்'. பேரண்டத்தில் ஏறக்குறைய 70 விழுக்காடு.

புதிய ஆற்றல் எதற்கு, ஈர்ப்பு விதியையே திருத்தினால் என்ன என்பாரும் உண்டு. 2017இல் இரு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய செய்தி பூமிக்கு எட்டியது. சுமார் 13 கோடி ஆண்டுகள் பயணம் செய்த ஈர்ப்பலையும் காமாக் கதிரும் 2 வினாடி இடைவெளிக்குள் வந்து சேர்ந்தன. இரண்டின் வேகமும் வேறுபடும் என்ற திருத்தங்கள் அன்றே அடிபட்டுப் போயின. எல்லாத் திருத்தங்களும் அல்ல.

இருண்ட ஆற்றல் காலப்போக்கில் வலுக்குறையலாம் என்று 2024, 2025இல் வெளியான டெசி ஆய்வு முடிவுகள் கோடிகாட்டின. அது உறுதியானால், பேரண்டத்தின் எதிர்காலக் கணக்கையே மாற்றி எழுத வேண்டும். அதை எழுதுவோரில் நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளும் இருக்கட்டும். அறிவியல் பாடத்தைக் கடினம் என்று அவர்கள் ஒதுக்க நாம் விடலாகாது.