பௌர்ணமி இரவிற் கடற்கரைக்குச் சைக்கிளோட்டம்

(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



மிஷன் பாடசாலையிற் படித்த எனக்கு மேடையிற் பேசிப் பழக்கமுண்டு. ஆனால் அங்கே மணியடித்துப் பேச்சை நிறுத்திவிடுவார்கள். இங்கே மணி கிடையாது என்று தலைவர் சொன்னார்கள். ஆயினும் சுருங்கவே பேச முயல்வேன்.

சென்ற ஆனிப் பௌர்ணமி இரவு நம் சங்கத்தவர் பதினொருவர் நல்லூரிலிருந்து சைக்கிளிற் புறப்பட்டு, வழியில் ஆறுதலாக நின்று நின்று சென்று, விடியுமுன் மணற்காட்டுக் கடற்கரையை அடைந்தோம். மறுநாளே இச்செய்தி ஊரிற் பரவிவிட்டது. கேள்விகளும் பிறந்தன. கேட்டவர்கள் இருவகையினர். "கடல் பார்க்கப் பகலில் பஸ் இல்லையா?" என்றவர்கள் ஒருவகை. அவர்களுக்கு, பஸ் இருக்கிறது, நிலவு இல்லை என்பதே என் விடை.

"இரவில் ஏதேனும் நடந்திருந்தால்?" என்று கேட்டவர்கள் மற்றவகை. இவர்களிற் பெரும்பாலார் ஐம்பது வயதைக் கடந்தவர்கள். இக்கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிட என்னால் இயலாது. ஏனெனில் நமக்கு முன்னரே இக்குடாநாட்டார் இரவிற் சைக்கிளேறிக் கடலை நோக்கிப் போயிருக்கிறார்கள். உல்லாசத்துக்காகப் போகவில்லை.

1990ஆம் ஆண்டில் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை, மின்சாரம் இல்லை. சைக்கிளே பஸ், சைக்கிளே லொறி, நோயாளியை ஏற்றும் வாகனமும் அதுவே. சில்லைக் கையாற் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டவர்கள் இச்சபையில் இப்போதும் இருக்கிறீர்கள். ஆனையிறவுப் பாதை அடைபட்டது; பின்னர் பூநகரிப் பாதையும் அடைபட்டது. எஞ்சியது கிளாலிக் கடல் ஒன்றே. கொடிகாமம், எழுதுமட்டுவாள் வழியாக இருட்டிலே சைக்கிள் மிதித்துக் கிளாலிக் கரைக்குப் போய், சைக்கிளையும் படகில் ஏற்றி, அக்கரை சேர்ந்து, மறுபடியும் மிதித்து வன்னிக்குள் போனார்கள். 1993 ஜனவரி 2ஆம் திகதி இரவு அக்கடலிற் பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டனர். அதன் பின்னரும் மக்கள் போனார்கள். வேறு வழி இருக்கவில்லை.

எங்கள் ஒழுங்கையிலுள்ள பெரியவர் ஒருவர் அவ்வழி நான்கு முறை போய் வந்தவர். எங்கள் ஓட்டத்தைப்பற்றி அவரிடம் சொன்னபோது, முதலிற் கேட்ட கேள்வி, "நிலவு நாளையோ தெரிந்தெடுத்தீர்கள்?" என்பதே. "நாங்கள் நிலவு வரக்கூடாதென்று நேர்ந்தவர்கள், தம்பி. நிலவெறித்தால் படகு தெரிந்துவிடும்" என்றார். அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. எனக்கும் பேச நா எழவில்லை.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. வலிகாமம் முழுவதும் எழுந்து நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்த அன்று, சைக்கிள் ஏறி ஓட இடமிருக்கவில்லை. மூட்டை கட்டி உருட்டிக்கொண்டே போனார்கள். அதன்பின் ஊரடங்குச் சட்டம், காவலரண், அடையாள அட்டை. 2009 மே மாதத்திற் போர் முடிந்தபோது எனக்கு ஐந்தாறு வயது. நான் அந்த இரவுகளைக் கண்டவனல்லன். ஆயினும் எட்டு மணியடித்தாற் படலையைப் பூட்டும் வீட்டில் வளர்ந்தவன். பயம் மட்டும் எங்களுக்கு முதுசொம்மாக வந்து சேர்ந்தது. தாயார் பூட்டும்போது ஏன் என்று கேட்டதில்லை. பூட்டு விழுந்ததும் நித்திரைக்குப் போய்விடுவோம். இருபது வயது கடந்தும், சொந்த ஊரின் வீதி நள்ளிரவில் எப்படியிருக்கும் என்று அறியாதவர்கள் எங்களிற் பலர்.

ஆகவே நாங்கள் போனதை வெறும் விளையாட்டென்று பெரியோர்கள் எண்ணவேண்டாம்.

இனி, போன விதம். விதி ஒன்றே ஒன்று: மெதுவாக ஓடுபவர் முன்னாலே. வேகமாக ஓடுபவரை முன்னே விட்டாற் கூட்டம் அறுந்துபோகும். எங்களில் ஒருவர் பேரனாருடைய பழைய ரலி சைக்கிளிலே வந்தார். அது சங்கிலி முனகும் வேகமே எங்கள் வேகம். இருபாலை, கோப்பாய் கடந்து நீர்வேலியை அடைந்தபோது வாழைத்தோட்டங்களின் குளிர் உடம்பிற் பட்டது. பகலிற் பஸ்ஸிலிருந்து நூறுமுறை பார்த்த தோட்டங்கள். அக்குளிரை அன்றுதான் அறிந்தேன். புத்தூரில் நாய்கள் எங்களை வரவேற்றன. ஆவரங்காலில் ஒரு சில்லுக்குக் காற்றுப் போய்விட்டது. நிலவு வெளிச்சத்திலேயே ரியூப்பைக் கழற்றி ஒட்டுப் போட்டோம். அதற்குள் வீட்டுக்காரர் ஒருவர் லைற்றுடன் வெளியே வந்து, "ஆர் பிள்ளையள்?" என்று அதட்டி, பின் தண்ணீர்ச் செம்புடன் திரும்பி வந்தார்.

வல்லை வெளியைப்பற்றிச் சொல்லத்தான் வேண்டும். அங்கே மரமில்லை, வீடில்லை. இருபுறமும் வெறுந்தரையும் உவர்நீரும். சிறுவயதில் பேய்க்கதை கேட்ட இடம் அது. முனியப்பர் கோயிலடியில், வழக்கப்படி எல்லோரும் இறங்கிக் கும்பிட்டோம். சோளகக் காற்று முதுகிற் பிடித்துத் தள்ளியது. நீரெல்லாம் வெள்ளித் தகடு. ஒருவர் டைனமோவைச் சில்லிலிருந்து விலக்கி விளக்கை அணைத்தார். வேறு வாகனம் ஒன்றும் வரவில்லையாதலால் மற்றவர்களும் சிறிது தூரம் அப்படியே செய்தோம். பதினொரு சைக்கிளின் நிழலும் வீதியிலே தெளிவாக விழுந்து எங்களோடு ஓடிவந்தன. யாரும் பேசவில்லை. கிளாலிப் பெரியவரின் வார்த்தை எனக்கு அங்கேதான் நினைவு வந்தது.

நெல்லியடி, மந்திகை கழிந்து பருத்தித்துறையிற் சிறிது இளைப்பாறி, புழுக்கொடியல் கடித்து, சுடுநீர்ப் போத்தலிற் கொண்டுபோன தேத்தண்ணீரைப் பகிர்ந்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து அதுவரை ஏறக்குறைய 33 கிலோமீற்றர். பின் மருதங்கேணி வீதியால் வல்லிபுரம். புரட்டாதிப் பௌர்ணமியிலே ஆழ்வார் சமுத்திரத் தீர்த்தமாடும் தலம் அது. முன்னாளில் நம் மூதாதையர் மாட்டுவண்டி கட்டி, கட்டுச்சோற்றுடன் போன வழியும் இதுவே. இரவுப் பிரயாணம் நமக்குப் புதிதன்று. இடையிலே விட்டுப்போன வழக்கம்.

மணற்காட்டில் மணல்மேட்டின் உச்சியில் ஏறி நின்றோம். கிழக்கே கடலிலிருந்து சூரியன் எழுந்தது; அதே வேளை மேற்கே பனைகளுக்குள் சந்திரன் இறங்கியது. பௌர்ணமியன்றே போகவேண்டுமென்பதற்கு இதுவும் ஒரு காரணம். கீழே கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். மணலிற் பாதி புதைந்த பழைய அந்தோனியார் தேவாலயத்தையும் பார்த்தோம். 2004 டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை அடித்த கரையும் அதுவேயாகையால், குளித்தவர்களைக் கரையில் நின்று கண்காணிக்க இருவரை முன்னரே நியமித்திருந்தோம்.

இப்படிச் செய்வோர் உலகில் வேறு இடங்களிலும் உண்டு. இங்கிலாந்தில் 1990களின் தொடக்கம் முதல், ஜூலை மாதப் பௌர்ணமியை ஒட்டிய சனிக்கிழமை இரவில் லண்டனிலிருந்து டன்விச் என்னும் கடற்கரைக் கிராமத்துக்குச் சைக்கிளிற் போகிறார்கள். தூரம் ஏறக்குறைய 180 கிலோமீற்றர். போட்டியில்லை, பரிசில்லை. டன்விச் ஒருகாலத்திற் பெரிய துறைமுகம்; கடல் அதை விழுங்கிவிட்டது. அங்கே கடல் ஊரை விழுங்கியது, இங்கே மணல் தேவாலயத்தை மூடியது. இரவோடிரவாகக் கடலுக்கு ஓடுபவர்களுக்கு இப்படியான இடங்களே வாய்க்கின்றன போலும்!

திரும்பும் வழியைச் சுருக்கிவிடுகிறேன். தள்ளிவிட்ட சோளகம் இப்போது நெஞ்சிற் கைவைத்துத் தடுத்தது. வெயிலும் ஏறிற்று. வழியிற் கருப்பநீர் கிடைத்திராவிட்டால் இருவர் பஸ்ஸேறியிருப்பார்கள்.

இன்றைய இரவில் ஆபத்தே இல்லையென்று நான் சொல்லவரவில்லை. வெறியிலே மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்கள் உண்டு. கட்டாக்காலி மாடுகள் அதிலும் மோசம், அவற்றுக்குப் பின்விளக்குக் கிடையாது. அதனாலேயே கூட்டமாகப் போகவேண்டுமென்கிறேன். ஒவ்வொரு சைக்கிளுக்கும் சிவப்புப் பின்விளக்கு, இரண்டு பம்ப், ஒட்டுச் சாமான், ஒவ்வொரு சந்தியிலும் ஆளெண்ணல். போகிறவர்களின் பெயர்ப் பட்டியல் செயலாளரிடம் இருக்கும்.

இன்னுமொன்று. சங்கத்துத் தங்கைமார், தாங்களும் வரலாமா என்று கேட்கிறார்கள். சென்ற கூட்டத்தில் இதற்கு எழுந்த ஆட்சேபத்தை நான் அறிவேன். ஆனால் தடைக்காலத்திற் பாடசாலைக்கும் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் சைக்கிள் மிதித்தவர்களிற் பெண்கள் எத்தனை பேர்? கிளாலியிற் படகுக்குக் காத்திருந்தவர்களிலும் பெண்கள் இருந்தார்கள். அழிவு வந்தபோது இரவிலே போகலாம், நிலவு பார்க்கப் போகலாகாது என்பது எனக்கு விளங்கவில்லை. பெரியோர்கள் விளக்கினாற் கேட்டுக்கொள்வேன்.

அடுத்த ஓட்டம் வரும் மாசிப் பௌர்ணமியன்று. மழை ஓய்ந்து மணலும் இறுகியிருக்கும். இரவு பத்தரை மணிக்கு நல்லூரிற் கூடுவோம். இதுவரை பதினெட்டுப் பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். தங்கைமார் மூவர். அவர்களுள் இருவருடைய தாய்மார் சம்மதித்துவிட்டார்கள். மூன்றாமவரின் தாயார், தாமும் சைக்கிளிற் கூட வருவதென்றால்தான் சம்மதமென்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அவருடைய பெயரையும் எழுதிக்கொண்டோம்.