ஊருக்குச் சொல்லும் கணக்கு

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையே உள்ள சில ஊர்களில் பணி செய்யும் ஒரு சிறிய பொதுநலச் சங்கத்துக்கு நான் காரியதரிசி. ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன் ஆகையால், எழுத்து வேலையெல்லாம் என் தலையில் வந்து விழுந்தது. சங்கத்தின் ஆண்டறிக்கையை எழுதுவதும் அவற்றுள் ஒன்று. 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி மாவட்டப் பதிவாளருக்குக் கணக்கு அனுப்ப வேண்டும். அனுப்பிவிட்டால் கடமை தீர்ந்தது என்றே பல ஆண்டுகள் எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் எவ்வாறு கலைந்தது என்பதை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் சங்கம் கட்டடம் கட்டுவதில்லை, பணம் வழங்குவதுமில்லை. கிராமத்து இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் கிராமசபையில் எழுந்து பேசவும், மனு எழுதவும், எழுதிய மனுவைப் பின்தொடரவும் பழக்குகிறோம். இப்படிப்பட்ட பணிக்கு அறிக்கை எழுதுவது மிக எளிது. இத்தனை கூட்டங்கள், இத்தனை மனுக்கள் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். நானும் அடுக்கினேன்.

ஓர் ஆண்டு, அறிக்கையை அச்சிடுவதற்கு முன்னால் ஊரிலேயே படித்துக் காட்டுவோம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் கூடினோம். நான் படித்துக்கொண்டே வந்தேன். “ஓடையில் பாலம் கட்டித் தருமாறு உரிய அலுவலகத்துக்கு மனு அளிக்கப்பட்டது” என்ற வரி வந்தது. முன்வரிசையில் அமர்ந்திருந்த ஒரு மூதாட்டி கையை உயர்த்தினார்.

“வாத்தியாரய்யா, மனுக் கொடுத்தீங்க, சரி. பாலம் எங்கே?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அவர் சிரிக்கவில்லை. அந்த ஓடையில் இருப்பது தரைப்பாலம். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் அதன்மேல் புரண்டு ஓடும். உயர்நிலைப் பள்ளி அக்கரையில் இருக்கிறது. ஆண்பிள்ளைகள் எப்படியோ கடந்துவிடுவார்கள். பெண்பிள்ளைகளை வீட்டில் நிறுத்திக்கொள்வார்கள். சில நாள் நின்றவள் பிறகு நிரந்தரமாக நின்றுவிடுவாள். மூதாட்டியின் பேத்தி அப்படி நின்றவள். அந்தப் பெண்ணின் படிப்பு என் அறிக்கையில் சாதனைகளின் பட்டியலில் ஒரு மனுவாக இடம் பெற்றிருந்தது!

அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. எங்கள் ஓடை கடைசியில் மருதையாற்றில் சேருகிறது. மருதையாறு என்றால் இந்தப் பக்கத்து முதியவர்களுக்கு ஒரு தேதி நினைவுக்கு வரும். 1956-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள், அரியலூருக்கருகே அந்த ஆற்றின் வெள்ளத்தால் தூத்துக்குடி விரைவு வண்டி கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே மந்திரியாக இருந்த லால் பகதூர் சாஸ்திரி, பொறுப்பு தம்முடையது என்று கூறிப் பதவியைத் துறந்தார். அதற்குச் சில மாதங்களுக்கு முன் மகபூப்நகரில் நேர்ந்த விபத்தின்போதே அவர் விலக முன்வந்ததும், நேரு அதனை ஏற்காததும் பலர் அறிந்தவை. தண்டவாளத்தைச் சாஸ்திரியா பழுதாக்கினார்? இல்லை. ஆயினும் கேள்வி வந்தபோது, விடை சொல்ல வேண்டியவன் நான் என்றார். அவர் எங்கே, ஒரு கிராமத்துச் சங்கத்தின் காரியதரிசி எங்கே? ஒப்பிடுவதே மிகைதான். ஆனால் எங்கள் ஊர் ஆற்றங்கரையிலிருந்து எழுந்த பாடத்தை நானே மறந்திருந்தேன் என்பது மட்டும் உண்மை.

கணக்குச் சொல்லுதல் நம் நாட்டில் நேற்று வந்த வழக்கமன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றின் உறுப்பினரைக் குடவோலையால் தேர்ந்தெடுத்தனர். பதவிக் காலம் 360 நாள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இடக்கூடாது. அவனுடைய உறவினர் பெயரையும் இடக்கூடாது. எவ்வளவு கடுமை, பாருங்கள்! ஆனால் அந்தச் சபை நிலமும் கல்வியும் உடைய ஒரு சிலரின் சபை என்பதையும் சொல்லிவிட வேண்டும். என்னைக் கேள்வி கேட்ட மூதாட்டி அங்கே கையை உயர்த்தியிருக்க முடியாது.

இன்று உயர்த்தலாம். 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தமும், 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் அந்த உரிமையை அவருக்குத் தந்தன. ஆண்டுக்கு 4 என்றிருந்த கிராமசபைக் கூட்டங்களை 2022-இல் அரசு 6 ஆக்கியது. உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22-உம், உள்ளாட்சி தினமான நவம்பர் 1-உம் சேர்ந்தன. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அச்சபையின் உறுப்பினர். 2025 ஜனவரி 5-ஆம் நாளோடு, பெரம்பலூர், அரியலூர் உட்படப் பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். தேர்ந்தெடுத்த தலைவர் நாற்காலியில் இல்லாத காலத்தில்தான் கேட்பவர்களின் குரல் இன்னும் உரத்து ஒலிக்க வேண்டும் என்பது என் கருத்து.

இதற்கு ஒரு நல்ல முன்மாதிரியும் உண்டு. திருவள்ளூர் மாவட்டத்துக் குத்தம்பாக்கத்தில், பொறியாளர் வேலையை விட்டுவிட்டு வந்த திரு. இளங்கோ 1996-இல் ஊராட்சித் தலைவரானார். பின்னர், மற்ற ஊராட்சித் தலைவர்களுக்குப் பயிற்சி தரும் பணியிலும் இறங்கினார். அவருடைய ஊரில் கிராமசபை வெறும் சடங்காக இருக்கவில்லை. கணக்கு அங்கே பேசப்பட்டது. தலைமைக்குப் பயிற்சி என்றால் மேடையில் முழங்கப் பழக்குவதென்று நினைக்கிறோம். எதிரே இருப்பவர் கேட்கும்போது முகம் சுளிக்காமல் விடை சொல்லப் பழகுவதே கடினமான பகுதி. எனக்கு அது அறுபது வயதுக்கு மேல்தான் கிடைத்தது.

மூதாட்டியின் கேள்விக்குப் பிறகு பழைய அறிக்கைகளை எடுத்துப் புரட்டினேன். பெண்குழந்தைகளைக் காப்போம் என்று நாங்கள் நடத்திய ஊர்வலங்களை ஆண்டு தவறாமல் எண்ணியிருந்தேன். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, ஆறு வயது வரையுள்ள குழந்தைகளில் 1,000 ஆண்களுக்குத் தமிழ்நாடு முழுவதும் 943 பெண்கள். அரியலூர் மாவட்டத்திலோ 900-க்கும் குறைவு. கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று கண்டறிந்து சொல்வதை 1994-ஆம் ஆண்டுச் சட்டமே தடுத்திருந்தும் நிலை இப்படி. இந்த எண்ணை நான் ஒரு முறைகூட அறிக்கையில் எழுதியதில்லை. ஊர்வலங்களின் எண்ணிக்கை எங்களைப் பெருமைப்படுத்தியது. இந்த எண் அப்படிச் செய்யாது அல்லவா?

அடுத்த ஆண்டு அறிக்கையை வேறு விதமாக எழுதினோம். ஊர் எங்களிடம் என்ன கேட்டது, நாங்கள் என்ன செய்தோம், ஊரில் என்ன மாறியது என்று மூன்று பத்திகள். மூன்றாவது பத்தியில் பல இடங்கள் வெறுமையாகவே இருந்தன. சங்கத்து நண்பர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை. இதைக் கண்டால் நன்கொடை தருபவர் யார் என்று கேட்டார்கள். நியாயமான கவலைதான், அந்த ஆண்டு நன்கொடை குறையவும் செய்தது.

மீண்டும் வேப்பமரத்தடியில் கூடினோம். பாலம் கட்டப்படவில்லை என்று படித்தேன். மழை நாட்களில் ஏரிக்கரை வழியாகச் சுற்றி, பெரியவர் இருவர் முறை வைத்துப் பெண்பிள்ளைகளை அழைத்துப் போக ஏற்பாடு செய்ததையும், படிப்பை நிறுத்தியவர்களில் மூதாட்டியின் பேத்தி திரும்பப் பள்ளிக்குப் போனதையும் படித்தேன். மற்றொருத்தியைப் பற்றிய வரி வந்தபோது என் குரல் தாழ்ந்தது. நாங்கள் போய்ப் பேசுவதற்குள் அவளுக்குத் திருமணம் முடிந்துவிட்டது. வயது பதினேழு. அவளுடைய தகப்பனார் கூட்டத்தின் பின்வரிசையில் நின்றிருந்தார். பெயரை நான் படிக்கவில்லை, ஆனால் ஊருக்கே தெரியும். அவர் எழுந்து போகவில்லை. நானும் அந்த வரியை விடவில்லை.

படித்து முடித்ததும் மூதாட்டியைப் பார்த்தேன்.

“பாலம் இன்னும் வரல, அப்படித்தானே?” என்றார்.

“ஆமாம், அம்மா.”

“அதையும் எழுதி வையுங்க. அடுத்த வருஷமும் வந்து கேட்பேன்.”

அந்த மனுவின் எண்ணும் தேதியும் இப்போது எங்கள் அறிக்கையின் முதல் பக்கத்தில், முதல் வரியாக இருக்கின்றன.