சாலைக்கு யார் எஃப்.சி. கொடுப்பது?

(சங்கத்தின் ஆண்டு சந்திப்பில், பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். உரையாற்றியவர் 1980ஆம் ஆண்டு இயந்திரவியல் பிரிவு மாணவர். ஓய்வு பெற்ற மோட்டார் வாகன ஆய்வாளர்.)

மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் பேச விட்டிருக்கிறார்கள். எனவே யாராவது தூங்கினால் நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறவர்கள்தான் எனக்குக் கவலை. அவர்களைப் பற்றியும் பேசத்தான் போகிறேன். “தேசிய சாலைப் போக்குவரத்துக் கொள்கை: சில யோசனைகள்” என்று செயலாளர் தலைப்புக் கொடுத்தார். கொள்கை வகுக்கிற நாற்காலியில் நான் உட்கார்ந்ததே இல்லை. வெயிலில் நின்று வண்டி பார்த்த பிரேக் இன்ஸ்பெக்டர் நான். நின்ற இடத்திலிருந்து என்ன தெரிந்ததோ அதைச் சொல்கிறேன்.

நான் வேலையில் சேர்ந்தபோது இருந்தது 1939ஆம் ஆண்டு சட்டம். 1989 ஜூலை முதல் தேதி 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் அமலுக்கு வந்தது. நான் ஓய்வு பெற்றபின், 2019இல் அதற்குப் பெரிய திருத்தம் வந்தது. சட்டம் இல்லையே என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் 2022ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய அரசின் அறிக்கையே சொல்கிறது. மணிக்கு 19 பேர். நான் இங்கே பேசி முடிப்பதற்குள் ஏழெட்டுப் பேர். அந்த வருஷம் விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு, 64,105. இறந்தவர்களில் நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள்.

சரி, முதலில் என் பாவத்தைச் சொல்லிவிடுகிறேன். லைசென்ஸ் டெஸ்ட். “எட்டு போடு” என்போம். காலை ஊன்றாமல் எட்டு போட்டுவிட்டால் பாஸ். ஒரு காலையில் அறுபது எழுபது பேர் வரிசையில் நிற்பார்கள். ஆளுக்கு ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம். அந்தப் பையன் நெடுஞ்சாலையில் லாரியை முந்தும்போது எட்டா போடப்போகிறான்? எதிரே வருகிற பஸ்ஸின் தூரத்தைக் கணிக்கத் தெரியுமா, மழையில் பிரேக் எவ்வளவு வழுக்கும் என்று தெரியுமா, இரவில் எதிர் விளக்கு கண்ணில் அடித்தால் என்ன செய்வான் என்று நான் ஒருவனையும் கேட்டதில்லை. கேட்க நேரமில்லை. கேட்கச் சொல்லி யாரும் எனக்கு உத்தரவும் போடவில்லை. கற்றுக்கொடுப்பதைக் கட்டாயமாக்க வேண்டும், டெஸ்ட் மெய்யான சாலையில் நடக்க வேண்டும், ஆய்வாளருக்கு ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு வேண்டும். இது என் முதல் யோசனை. இதில் புதுமை ஒன்றுமில்லை. ஆள் போட்டால் நாளைக்கே செய்யலாம்.

எஃப்.சி. பற்றி ஒரு வார்த்தை. எஃப்.சி.க்கு வரும் லாரி கல்யாண மாப்பிள்ளை மாதிரி வரும். புதுப் பெயிண்ட், எலுமிச்சம்பழம், நல்ல டயர். மறுவாரம் அதே வண்டியை ரோட்டில் பார்த்தால் டயர் மட்டும் வேறாக இருக்கும். சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தவன்தான். இதற்கு மேல் அதைச் சொல்ல வேண்டாம்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

விபத்து நடந்தால் வண்டியை ஆய்வாளர் பார்த்துச் சான்று தரவேண்டும். 1988 சட்டத்தின் 136ஆவது பிரிவு அது. பிரேக், ஸ்டியரிங், டயர், விளக்கு எல்லாம் பார்த்து, கடைசியில் ஒரு வரி எழுதுவோம்: “இவ்விபத்து வாகனத்தின் இயந்திரக் கோளாறு காரணமாக ஏற்பட்டதன்று.” என் சர்வீசில் இந்த வரியை எத்தனை ஆயிரம் தடவை எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. பெரும்பாலும் அது உண்மைதான். ஆனால் அந்த வரி என்ன செய்கிறது என்று பாருங்கள். வண்டியில் கோளாறு இல்லை என்றால் மிச்சம் இருப்பது மனுஷன். எஃப்.ஐ.ஆரில் “அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்” என்று முதலிலேயே எழுதியாகிவிட்டது. வழக்கு முடிந்தது. சாலையை யார் பார்த்தார்கள்? அதற்கு எஃப்.சி. யார் கொடுத்தது?

2009இல் நம் செட் நண்பன் ஒருவன் இறந்தான். பெயர் சொல்லவேண்டியதில்லை, என் செட்காரர்களுக்குத் தெரியும். ஹாஸ்டலில் எல்லாருடைய ரேடியோவையும் ரிப்பேர் செய்து கொடுத்தவன். சொந்த ஊரில் லேத் பட்டறை வைத்திருந்தான். ஊருக்கு நடுவே நாலுவழிச் சாலை வந்தபோது வீடு ஒரு பக்கம், பட்டறை ஒரு பக்கம் ஆகிவிட்டது. முறையாகத் திரும்புகிற இடம் இரண்டரை கிலோமீட்டர் தள்ளி. போக வர ஐந்து கிலோமீட்டர். ஊர்க்காரர்கள் சென்டர் மீடியனில் நாலு கல்லைப் பெயர்த்து ஒரு சந்து செய்திருந்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள், பால்காரர், ஆடு மாடு எல்லாம் அதில்தான். ஒரு நாள் சாயங்காலம் மணி ஆறே முக்கால் இருக்கும், மொபெட்டில் அந்தச் சந்தைக் கடந்தான். வளைவிலிருந்து ஒரு கார் வந்தது.

மறுநாள் இரண்டு வண்டியையும் பார்த்தவன் நான்தான். வேறு ஆளைப் போடச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காரின் பிரேக் சரி. மொபெட்டின் பிரேக்கும் சரி. அவன் வண்டியாயிற்றே, எல்லாம் சரியாகத்தான் இருக்கும். அந்த ஒரு வரியை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இழப்பீட்டு வழக்கில், அனுமதியில்லாத இடத்தில் கடந்தார், அவர் மீதும் கவனக்குறைவு உண்டு என்று சொல்லித் தொகையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டார்கள். சட்டப்படி சரிதான். தீர்ப்பு வந்த அன்று அவன் மனைவி எனக்குப் போன் செய்தார். “அண்ணே, பணம் போகட்டும். அவர் மேலயும் தப்புன்னு எழுதியிருக்காங்களே, நீங்க பார்த்தீங்களே, அப்படியா?” என்று கேட்டார். நான் வண்டியைத்தான் பார்த்தேன் அம்மா என்று சொன்னேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. இன்று அவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டுதான் இதைப் பேசுகிறேன்.

ரயில் விபத்தில் என்ன நடக்கிறது பாருங்கள். விசாரிக்கிறவர் ரயில்வே பாதுகாப்பு ஆணையர். அவர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறார். ரயிலை ஓட்டுகிறவனே தன் விபத்தை விசாரிக்கக் கூடாது என்று 1941லேயே பிரித்துவிட்டார்கள். விமானத்துக்கு 2012 முதல் தனி விசாரணை அமைப்பு. வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் சாகிற சாலைக்கு? ஒரு சப்-இன்ஸ்பெக்டர், ஒரு பிரேக் இன்ஸ்பெக்டர்.

ஆகவே என் முக்கியமான யோசனை இது. ஒவ்வொரு மாநிலத்திலும் சாலை விபத்துக்கென்று தனி விசாரணை அமைப்பு வேண்டும். அது போலீசுக்கும் நெடுஞ்சாலைத் துறைக்கும் கட்டுப்படாததாக இருக்க வேண்டும். குற்றவாளியைத் தேடுவது அதன் வேலையாக இருக்கக் கூடாது. காரணத்தைத் தேட வேண்டும். சாவு நடந்த ஒவ்வொரு இடத்துக்கும் சாலைப் பொறியாளர் ஒருவர் போய் அளந்து, அறிக்கையைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும்.

உடனே எழுந்து ஆட்சேபிக்கப் போகிறவர்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 2019 திருத்தத்தில் 198ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. சாலையை வடிவமைத்தவரோ கட்டியவரோ தரத்தைப் பின்பற்றாததால் சாவோ ஊனமோ நேர்ந்தால், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆனால் அளந்து சொல்ல ஆள் இல்லாமல் அந்தப் பிரிவை யார் மேல் போடுவது? ஐராட் என்று 2021 முதல் ஒரு கணினி முறையும் வந்திருக்கிறது, சென்னை ஐ.ஐ.டி.யில் உருவானது. போலீசார் இடத்திலேயே படம் எடுத்து ஏற்றுகிறார்கள். மனம் திறந்து பாராட்டுகிறேன். ஆனால் விவரம் சேர்ப்பது வேறு, இது இன்ன துறையின் தவறு என்று துணிந்து எழுதுவது வேறு.

ஸ்வீடன் நாட்டு நாடாளுமன்றம் 1997இல் ஒரு கொள்கையை ஏற்றது. மனிதன் தவறு செய்வான், அந்தத் தவறு உயிரைக் குடிக்காதபடி சாலையை அமை என்பதே அதன் சாரம். நம் ஊரில் தவறு செய்தவன் செத்தால் கணக்கு நேராகிவிட்டது என்று நினைக்கிறோம்.

லாரி ஓட்டுநர்களைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். நாமக்கல், சங்ககிரி பக்கத்துக்காரர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். 1961லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் போட்டு நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்றார்கள். 1988 சட்டமும் அதையே சொன்னது. வேலை நேரத்தைக் காட்டி நான் ஒரு வழக்கும் போட்டதில்லை. எதை வைத்துப் போடுவது? ஓட்டுநருக்கு நடைக்கு இவ்வளவு என்று கூலி. சீக்கிரம் போனால் அடுத்த நடை. தூங்கினால் யார் படி கொடுப்பது? ஐரோப்பிய நாடுகளில் எத்தனை மணி நேரம் ஓட்டினார் என்று பதியும் கருவி லாரியிலேயே கட்டாயம்; நாலரை மணி நேரம் ஓட்டினால் முக்கால் மணி ஓய்வு. டோல்கேட்டில் காசு எடுக்க எல்லா வண்டிக்கும் ஃபாஸ்டேக்கைக் கட்டாயமாக்க முடிந்த நாட்டில் இதையும் செய்யலாம்.

பஸ்ஸைப் பற்றிப் பேச ஆசை, நேரம் இல்லை. பஸ் வராததால்தான் பையன் வண்டி வாங்கினான் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். 2021 முதல் நம் மாநிலத்தில் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அந்தப் பேருந்து கிராமத்துக்கு இரவு எட்டரைக்கும் வருகிறதா என்பதும் உயிர் காக்கிற விஷயம்தான். விபத்துக்குப் பின் செய்யும் காரியங்களில் நாம் முன்னேறியிருக்கிறோம். 108 இருக்கிறது. 2021 டிசம்பரில் இன்னுயிர் காப்போம் திட்டம் தொடங்கியதிலிருந்து முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காசு கேட்பதில்லை. நல்ல காரியம்.

ஓய்வு பெற்றபின் ஒரு நாள், நம் கட்டடவியல் பிரிவு நண்பர்கள் இருவரைக் கூட்டிக்கொண்டு அந்தச் சந்துக்குப் போனேன். டேப் பிடித்து அளந்தோம். கார்க்காரர் கண்ணுக்கு அந்தச் சந்து 90 மீட்டருக்கு முன்னால் தெரியாது. வளைவும் அரளிச்செடியும் மறைக்கின்றன. 100 கிலோமீட்டர் வேகத்துக்கு 180 மீட்டர் பார்வை தூரம் வேண்டும் என்பது இந்திய சாலைக் காங்கிரஸின் கணக்கு. அந்த வேகத்தில் கார் ஒரு வினாடிக்கு 28 மீட்டர் போகும். ஓட்டுநர் பார்த்து, புரிந்து, பிரேக்கில் கால் வைக்க இரண்டரை வினாடி. அதற்குள் 70 மீட்டர் போய்விட்டது. மிச்சம் 20 மீட்டர். என் நண்பனும் சரி, கார் ஓட்டியவரும் சரி, அந்த இடத்தில் என்ன செய்திருக்க முடியும்?

மூன்று பக்கம் எழுதி, படம் போட்டு, மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குக் கொடுத்தோம். அவன் மனைவிக்கும் ஒரு நகல் கொடுத்தேன். ஒரே மாதத்தில் வேலை நடந்தது: சந்தை சிமென்ட் வைத்து அடைத்துவிட்டார்கள். சுரங்கப்பாதை வரவில்லை. இப்போது ஊர்க்காரர்கள் இரண்டரை கிலோமீட்டரும் எதிர்த்திசையில் வண்டி ஓட்டிப் போகிறார்கள்.

அதனால் மறுபடியும் அளக்கவேண்டியிருக்கிறது, இந்தத் தடவை சுரங்கப்பாதைக்கு எந்த இடம் தோதானது என்று. வடிகால் பார்க்கத் தெரிந்த கட்டடவியல்காரர்கள் இரண்டு பேர் வேண்டும். அடுத்த ஞாயிறு காலை ஆறரைக்குக் கல்லூரி வாசலிலிருந்து வேன் கிளம்புகிறது. டேப் என்னிடம் இருக்கிறது. தொப்பி மட்டும் கொண்டு வாருங்கள்.